கரடி கேட்டு வாங்கிய வரி

நுரையாற்றின் இக்கரைக் காட்டில் சடையன் என்ற கரடி வண்டிப் பட்டறை வைத்திருந்தான். வண்டி என்றால் ஏறி உட்கார்ந்து காலால் மிதித்தால் ஓடும் நான்கு சக்கர வண்டி. முன்னால் ஒருவர் மிதிக்கலாம். பின்னால் குடும்பமே உட்காரலாம்.

இக்கரையில் வண்டி செய்யத் தெரிந்தவன் சடையன் ஒருவன்தான். அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை!

ஆனால் அந்த வண்டிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நேராகவே போகாது! இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

"சடையண்ணே! கிழங்கு தோண்டலாம்னு கிழக்கே கிளம்பினேன். மிதி மிதின்னு மிதிச்சேன். கடைசியில எங்க வந்து நின்னேன் தெரியுமா? என் வீட்டுக் கொல்லையிலேயே!" என்று ஒரு முள்ளம்பன்றி வந்து கத்தியது.

"வீட்டை விட்டுப் பிரிய மனசில்லாத வண்டி அது! பாசக்கார வண்டி!" என்றான் சடையன், கொஞ்சமும் கூசாமல்.

முள்ளம்பன்றிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. அன்றே வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது.

சடையன் சக்கரம் செய்யும் விதமே தனி. மரத்தை வட்டமாகச் செதுக்குவான். அதைத் தன் வயிற்றோடு சேர்த்து இறுகக் கட்டிப்பிடிப்பான். இரண்டு கை நகமும் ஒன்றையொன்று தொட்டால் அளவு சரி. தொடாவிட்டால் இன்னும் கொஞ்சம் செதுக்குவான். காலையில் வலப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டு. அப்புறம் வயிறாரச் சாப்பாடு. சாப்பிட்டபின் இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டு. அவன் அப்பன் அப்படித்தான் பானை செய்தானாம். பானை ஓடாதே, நிற்கத்தானே செய்யும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

அக்கரைக் காட்டில் நீர்நாய்கள் வண்டி செய்தன. அவை சந்தை நாளில் வண்டிகளைத் தெப்பத்தில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவரும். ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் மீன் முத்திரை இருக்கும். விலை இருபது சோழி. சடையன் வண்டிக்கும் அதே இருபது சோழிதான். அக்கரை வண்டி அம்பு மாதிரி நேராகப் போகும். பிறகு யார் சடையனிடம் வருவார்கள்?

ஒரு நாள் செவந்தி என்ற முயல், தன் குட்டிகளை ஏற்றிக்கொண்டு புத்தம்புது அக்கரை வண்டியில் பட்டறையைக் கடந்து சர்ரென்று போனாள்.

"சடையண்ணே! வழி விடுங்க, வழி விடுங்க!" என்று கூவிக்கொண்டே போனாள். அவள் வண்டி கிளப்பிய புழுதி சடையன் மூக்கில் வந்து ஏறியது.

சடையனிடம் துளை போடும் வேலை செய்த மரங்கொத்தியின் பெயர் கொண்டையன். அவன் அலகைத் துடைத்துக்கொண்டு சொன்னான், "முதலாளி, இந்த மாசமும் ஒண்ணும் விக்கலேன்னா நான் அக்கரைக்குப் போயிடுவேன். அங்க கொத்துறதுக்கு ஆள் தேடுறாங்களாம்."

சடையன் கணக்குப் போட்டுப் பார்த்தான். கொண்டையன் போனால் துளை போட ஆளில்லை. துளை இல்லாவிட்டால் வண்டி இல்லை. வண்டி இல்லாவிட்டால் பட்டறை இல்லை. பட்டறை போய்விட்டால் அவன் யார்? புற்றைத் தோண்டிக் கறையான் தின்று திரியும் வெறும் கரடி! 'வண்டிக்காரக் கரடி' என்று காடே கூப்பிடும் பெயரை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனமே வரவில்லை.

நேராகக் காட்டுத் தலைவரிடம் ஓடினான்.

தலைவர் திமிலப்பர் ஒரு காட்டெருமை. மாலை என்றால் அவருக்கு உயிர். போட்டுக்கொள்ளவும் பிடிக்கும், தின்னவும் பிடிக்கும். பேசிக்கொண்டே கழுத்து மாலையை ஒவ்வொரு பூவாக மென்றுவிடுவார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்ததால் அப்போது அவருக்கு நல்ல தீனி.

"தலைவரே! அக்கரை வண்டி வந்து என் பிழைப்பில மண்ணைப் போடுது!" என்று சடையன் அழாத குறையாகச் சொன்னான்.

திமிலப்பர் ஒரு செவ்வந்திப் பூவை மென்றுகொண்டே கேட்டார், "அக்கரை நீர்நாய்க்கு இங்க ஓட்டு இருக்கா?"

"இல்லீங்க."

"உனக்கு?"

"எனக்கு இருக்கு. என் பட்டறையில வேலை பாக்கிற எல்லாருக்கும் இருக்கு."

"அப்படின்னா நியாயம் உன் பக்கம்தான்!" என்றார் திமிலப்பர்.

மறுநாள் பாறை மேல் பெரிய கூட்டம். திமிலப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு முழங்கினார்.

"என் இனிய இக்கரைப் பெருமக்களே! நம் காடு! நம் வண்டி! இனி ஆற்றைக் கடந்து வரும் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் விலையில் பாதியை வரியாக வாங்குவோம்! இந்த வரியைக் கட்டப்போவது யார்? நீங்களா? இல்லை! அக்கரையான்! அக்கரையான்தான் கட்டுவான்!"

"கட்டுவான்! கட்டுவான்!" என்று கூட்டம் குதித்தது. எல்லோரையும்விட உயரமாகக் குதித்தவன் சடையன்தான். அவன் குதித்த குதியில் பாறையே ஆடியது.

செவந்தி மட்டும் காதைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள். "தலைவரே! ஒரு சந்தேகம். அக்கரையான் கட்டின வரியை விலையில சேர்த்து எங்க தலையில கட்டிட்டா?"

"அருமையான கேள்வி!" என்றார் திமிலப்பர். வாய் நிறையப் பூ. மென்றுகொண்டே பாறையை விட்டு இறங்கிப் போனார். கூட்டம் கலைந்தது.

ஆற்றுத்துறையில் வரி வாங்க மடுவன் என்ற முதலையை உட்கார வைத்தார்கள். மடுவனுக்குப் பெட்டியெல்லாம் தேவைப்படவில்லை. வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டான். அதற்குள் சோழியைப் போட வேண்டியதுதான். சரியாகப் போட்டுவிட்டால் வாயை மூடுவதற்கு முன் கையை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த சந்தைக்கு நீர்நாய் கயலன் வண்டிகளோடு வந்தான். மடுவன் வாயில் சோழியைப் போட்டான். சந்தையில் வந்து கடை விரித்தான்.

"அக்கரை வண்டி முப்பது சோழி! முப்பதே சோழி!"

"போன வாரம் இருபதுதானே?" என்று நரிகள் கத்தின.

"முதலை வாய்க்கு வாய்க்கரிசி போட்டுட்டுல்ல வர்றேன்! அதை நான் வீட்டுல இருந்தா எடுத்துட்டு வர முடியும்? நீங்கதான் தரணும்!" என்றான் கயலன்.

வாங்க வந்த மிருகங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. சடையனுக்கோ உள்ளுக்குள் கும்மாளம்! ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்குப் போனான். விலைப் பலகையைத் திருப்பி வைத்தான். இருபத்தொன்பது சோழி!

"முதலாளி!" என்று அலறினான் கொண்டையன். "நாம இருபதுக்கே கொடுத்தா காடே நம்ம வாசல்ல வந்து நிக்குமே! எதுக்கு ஏத்துறீங்க?"

"இருபத்தொம்பதுன்னாலும் நம்ம வாசல்லதான் வந்து நிக்கணும். வேற எங்க போவாங்க?" என்று சடையன் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

அவன் சொன்னபடியே வந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள், திட்டிக்கொண்டு வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். விற்காமல் நின்ற வண்டிகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. கொண்டையன் தன் சொந்தக்கார மரங்கொத்திகளை எல்லாம் வேலைக்கு அழைத்து வந்தான். பட்டறையில் டக் டக் டக் என்று ஒரே சத்தம். பட்டறையில் எல்லோருக்கும் தினம் வடை, சடையனுக்கு மட்டும் தேன். காலையில் தேன், மத்தியானம் தேன், சாயங்காலமும் தேன்!

வயிறு வளர்ந்தது. வளர்ந்த வயிற்றோடு அவன் சக்கரத்தைக் கட்டிப்பிடித்தான். பெரிய சக்கரம் என்றால் நகங்கள் தொடவே மாட்டேன் என்றன. இன்னும் செதுக்கினான். சாப்பாட்டுக்குப் பிறகு செய்த சக்கரங்கள் தோசை அளவுக்கு வந்துவிட்டன.

இப்போது வண்டிகள் இழுக்கவில்லை. சுற்றின! சந்தைத் திடலின் பெரிய ஆலமரத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு மான் குடும்பம் வண்டியில் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நரி பக்கத்தில் வந்து முந்திக்கொண்டு போனது. இல்லை, நரியும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"வணக்கம் மானக்கா!"

"வணக்கம் தம்பி!"

கொஞ்ச நேரம் கழித்து, "மறுபடியும் வணக்கம் மானக்கா!"

"மறுபடியும் வணக்கம்! சாப்பிட்டாச்சா?"

"எங்க? கையை விட்டா வண்டி ஆலமரத்துல போய் முட்டுதே!"

சடையன் இதையெல்லாம் பார்த்தான். பார்த்துவிட்டு, "சனங்க சந்தோஷமா சுத்துறாங்க!" என்று சொல்லிவிட்டு இன்னொரு தேனடையைக் கடித்தான்.

இந்தக் கூத்து அதிக நாள் நீடிக்கவில்லை. வண்டிக்கு அச்சு வேண்டும். அச்சுக்குக் கருங்காலி மரம் வேண்டும். கருங்காலி இக்கரையில் கிடையாது, அக்கரையில்தான் வளரும். எப்போதும் போலச் சடையன் தெப்பத்தில் மரத்தை ஏற்றிக்கொண்டு வந்தான். துறையில் மடுவன் வாயைத் திறந்தான்.

"போடு!"

"என்னத்தைப் போட? நான் சடையன்! வரியைக் கேட்டு வாங்கினதே நான்தானே!"

"ரொம்ப சந்தோஷம். பாதி விலையைப் போடு!"

"டேய், இது என் வண்டிக்கு அச்சு! நம் காடு, நம் வண்டி!"

"இது அக்கரை மரம். ஆத்தைத் தாண்டி வந்திருக்கு. போடு, இல்லாட்டி கையை வை!"

சடையன் சோழியைப் போட்டான். அன்று அவன் தேன் சாப்பிடவில்லை. விலைப் பலகையை மட்டும் மறுபடி திருப்பினான். முப்பத்தைந்து சோழி!

அக்கரையில் நீர்நாய்களும் சும்மா இருக்கவில்லை. "எங்க வண்டிக்கு வரியா? அப்போ உங்க பலாப்பழத்துக்கு எங்க கரையில வரி!" என்று அவையும் ஒரு ஆமையை உட்கார வைத்துவிட்டன. பலாப்பழம் விற்றுப் பிழைத்த குரங்குகளுக்கு அக்கரை வியாபாரம் படுத்துவிட்டது. அவற்றின் கையில் ஒரு சோழி இல்லை. ஆனால் பலாப்பழம் நிறைய இருந்தது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தன.

"விக்காத பழம்! நீயே தின்னுடா!" என்று கூரை மேல் வீசின. தொம்! தொம்! தொம்!

மரங்கொத்திகள் பறந்து போய் மறைந்தன. சடையன் ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். வீசிய பழங்களில் ஒன்றிரண்டைத் தின்றும் பார்த்தான். வயிற்றுக்கு அதுவும் சேர்ந்துகொண்டது.

முப்பத்தைந்து கொடுத்துச் சுற்றுவதைவிட முப்பது கொடுத்து நேராகப் போகலாம் என்று வசதியுள்ளவர்கள் அக்கரை வண்டிக்கே திரும்பினார்கள். வசதியில்லாதவர்கள் நடந்தார்கள். பட்டறை வாசலில் மறுபடியும் வண்டிகள் வரிசையாகத் தூங்கின. கொண்டையனின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

சடையன் மறுபடியும் திமிலப்பரிடம் ஓடினான். "தலைவரே, அச்சுக்கு மட்டுமாவது வரியை எடுங்க! என் கழுத்து நெரியுது!"

"எடுத்துடலாம்... ஆனா மடுவன் குடும்பம் என்ன செய்யும்?" என்றார் திமிலப்பர்.

சடையன் துறைப்பக்கம் எட்டிப் பார்த்தான். தண்ணீரே தெரியவில்லை, அத்தனை முதலைகள்! முன் சக்கரத்தைச் சோதிக்க ஒரு முதலை. பின் சக்கரத்தைச் சோதிக்க ஒரு முதலை. சோதித்த முதலையைச் சோதிக்க ஒரு பெரிய முதலை. எல்லாம் மடுவனின் மாமன், மச்சான், மச்சான் பையன்!

"இப்ப உன் பட்டறையில இருக்கிற ஓட்டைவிட ஆத்துல ஓட்டு அதிகம், சடையா! நியாயம் இப்ப அவங்க பக்கம்!" என்று சொல்லிவிட்டு திமிலப்பர் அடுத்த பூவைக் கடித்தார்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, வானம் பிளந்துகொண்ட மழை! ஒவ்வொரு பெருமழைக்கும் நுரையாறு பொங்கிப் பள்ளத்துக் காட்டை முழுங்கும். அப்போது எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு மேட்டுப்பாறைக்குப் போய்விடுவார்கள். சடையன் வீடும் பள்ளத்தில்தான் இருந்தது. இருப்பதிலேயே அழகான, மயில் நிறம் பூசிய வண்டியை அவன் எடுத்தான். பெண்டாட்டி பூவாயியை ஏற்றினான். இரட்டைக் குட்டிகளை ஏற்றினான். மிதித்தான்.

வண்டி கிளம்பியது. புளியமரத்தைத் தாண்டியது. மூங்கில் புதரைத் தாண்டியது. மெல்ல இடப்பக்கம் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. வீட்டு வாசலில் வந்து நின்றது!

"வீடு வந்தாச்சு!" என்று குட்டிகள் கைதட்டின.

சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தான். புளியமரம். மூங்கில். வீட்டு வாசல். இப்போது வாசலில் கணுக்கால் அளவுத் தண்ணீர்.

"இன்னொரு சுத்து, அப்பா! இன்னொரு சுத்து!"

"ஏங்க!" என்றாள் பூவாயி. "நீங்க செஞ்ச வண்டி நம்மள வெள்ளத்துல கொண்டுபோய் விடாம ஓயாது போலிருக்கே! இதுக்கா அடுத்தவன் வண்டிய வர விடாம பண்ணினீங்க?"

சடையன் இன்னும் வேகமாக மிதித்தான். மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துவிட்டது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. குட்டிகள் கைதட்டுவதை நிறுத்திவிட்டு அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டன.

அப்போது மழைக்குள்ளிருந்து ஒரு வண்டி நேராக வந்தது. செவந்தி! தன் குட்டிகளை மேட்டில் இறக்கிவிட்டு, பள்ளத்தில் யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்க்க இறங்கி வந்திருந்தாள்.

"ஏறுங்கண்ணே! ஏறுங்கக்கா! வாய் பாத்துட்டு நிக்காதீங்க!"

பூவாயி ஏறினாள். குட்டிகள் ஏறின. கடைசியில் சடையன் ஏறினான். அவன் ஏறியதும் வண்டி 'ம்ம்ம்' என்று முனகியது. செவந்தி முன்னால் மிதிக்க, பூவாயி காலை நீட்டி உந்தித் தள்ள, வண்டி மேட்டை நோக்கி ஏறியது. கடைசி ஏற்றத்தில், மேட்டுப்பாறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, படார்! அச்சு இரண்டாக ஒடிந்தது. சக்கரங்கள் நாலும் நாலு திசையில் உருண்டு வெள்ளத்துக்குள் போயின.

செவந்தி ஒடிந்த வண்டியைப் பார்த்தாள். கண் கலங்கியது. "இன்னொரு வண்டி வாங்கணும்னா இப்ப முப்பது சோழி. நான் எங்க போவேன்?" என்றாள்.

தேன் தின்ற வயிறு அப்போதுதான் சடையனுக்கு அசிங்கமாகத் தெரிந்தது.

மேட்டுப்பாறையில் சேறும் சகதியுமாக மிருகங்கள் நின்றன. நடந்தே ஏறி வந்தவர்களின் கால்கள் வீங்கியிருந்தன. சுற்று வண்டிகளை வழியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் சடையனை முறைத்தார்கள்.

அந்த நேரத்தில் பெரிய வண்டி ஒன்று மேட்டில் ஏறி வந்தது. அதைத் தேக்கிலையால் போர்த்தியிருந்தார்கள். மேலே, 'நம் காடு! நம் வண்டி!' என்று பலகை. உள்ளே திமிலப்பர், கழுத்தில் மாலையோடு, கையசைத்துக்கொண்டு வந்தார்.

சடையனின் குட்டி கேட்டது, "அப்பா, அது நீங்க செஞ்ச வண்டியா?"

"ஆமாண்டா கண்ணு. நம்ம வண்டின்னுதான் போட்டிருக்கு."

"அப்புறம் ஏன் நேரா போகுது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருங்காற்று ஒன்று வீசியது. தேக்கிலைகள் பறந்தன. வண்டியின் பின்னால் பளபளவென்று மீன் முத்திரை!

"அக்கரை வண்டி!" என்று குரங்குகள் கிரீச்சிட்டன. "தலைவர் அக்கரை வண்டியில வர்றார்!"

"இது... இது ஆராய்ச்சிக்காக வாங்கியது!" என்றார் திமிலப்பர். மாலையில் தின்னப் பூ மிச்சமில்லை, நாரை மென்றார். "அக்கரையான் எப்படி நம்மை ஏமாற்றுகிறான் என்று நேரில் உட்கார்ந்து ஆராய்கிறேன்!"

"வரி கட்டினீங்களா?" என்று வெள்ளத்தோடு மேட்டோரம் வரை வந்துவிட்ட ஒரு முதலையே கேட்டுவிட்டது.

திமிலப்பர் முழித்தார். பிறகு கொம்பால் சடையனைக் காட்டினார். "என்னை ஏன் கேக்குறீங்க? வரி வேணும்னு என் காலைப் பிடிச்சவன் அவன்தான்!"

காடே சடையன் பக்கம் திரும்பியது. ஓடி ஒளிய ஒரு புதர்கூட இல்லை. சடையன் எழுந்து நின்றான்.

"ஆமா, நான்தான் கேட்டேன்!" என்றான். "பட்டறை போயிடும்னு பயந்து கேட்டேன். வரி வந்ததும் நான் என்ன செஞ்சேன்? சக்கரத்தைச் சரி செஞ்சேனா? விலையைத்தான் ஏத்தினேன்! தேன் தின்னேன்! உங்களை நடக்க விட்டேன். கடைசியில என் குட்டிகளையே வெள்ளத்துல சுத்த விட்டேன். வரியை எடுத்துடுங்க!"

மேலே கிளையில் உட்கார்ந்திருந்த கொண்டையன் பதறிப்போனான். "முதலாளி! எடுத்துட்டா நாளைக்கே பட்டறையை மூட வேண்டியதுதான்! எங்க கதி?"

சடையன் யோசித்தான். "அப்படின்னா அச்சு மரத்து வரியை இன்னைக்கே எடுங்க. வண்டி வரியை அடுத்த பலாப்பழக் காலத்துல எடுங்க. அதுக்குள்ள நேரா ஓடுற வண்டி ஒண்ணு செய்யறேன், விலையையும் இறக்கறேன். முடியலேன்னா பட்டறையை நானே மூடிடறேன். அப்புறம் யாரையும் கேக்க மாட்டேன்."

கூட்டம் சரி என்று கத்தியது. கூட்டத்தின் முகத்தைப் பார்த்த திமிலப்பர், "நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்!" என்று முழங்கினார். முதலைகளுக்கு என்ன வழி என்ற கேள்வி வந்தது. தெப்பத்தை முதுகால் தள்ளிக் கரை சேர்த்துக் கூலி வாங்கிக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. வாயைத் திறந்து வைத்துத் திறந்து வைத்துத் தாடை வலிக்கிறது என்று மடுவனும் ஒப்புக்கொண்டான்.

வெள்ளம் வடிந்தது. சடையன் பட்டறையில் உட்கார்ந்து ஒரு வண்டியைக் கழற்றிப் போட்டான். நாலு சக்கரமும் நாலு விதம்! தலையைச் சொறிந்தான்.

"நான் ஒரே மாதிரிதான் கட்டிப்பிடிக்கிறேன், பூவாயி! எப்படி மாறும்?"

பூவாயி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரே மாதிரியா? என்னைக் கேளுங்க! காலையில நீங்க கட்டிப்பிடிச்சா உங்க கை என் முதுகுக்குப் பின்னால கோத்துக்கும். சாப்பிட்டுட்டு வந்து கட்டிப்பிடிச்சா என் தோளைக்கூடத் தாண்டாது. வயிறுதான் நடுவுல நிக்குதே!"

சடையன் வயிற்றைப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான். மறுபடி வயிற்றைப் பார்த்தான். "அட என் வயிறே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். வெட்கத்தில் மூக்கு சிவந்தது. பிறகு அவனுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணவனும் மனைவியும் மரத்தூளில் உருண்டு சிரித்தார்கள்.

அன்றே ஒரு மூங்கிலை வெட்டினான். கொண்டையன் அதில் அளவுக்கு ஒரு கோடு கொத்தினான். அதன்பின் எந்தச் சக்கரத்தையும் சடையன் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் செய்த வண்டி வலப்பக்கம் இழுத்தது. அடுத்தது குதித்தது. ஒன்று பின்னால் மட்டும் போனது! சடையன் உடைத்தான், செய்தான், மறுபடி உடைத்தான். தேனை மறந்தான். வயிறு வற்றியது.

பலாப்பழம் பழுத்தது. இரு கரையிலும் வரி போனது. கயலன் தெப்பம் நிறைய வண்டிகளோடு வந்தான். "இருபது சோழி! பழைய விலை!" என்று கூவினான். அவன் கடைக்கு எதிரே சடையன் தன் ஒரே ஒரு புது வண்டியோடு நின்றான். அதற்கும் இருபது சோழி. இன்றைக்கு ஒருவரும் வாங்காவிட்டால் நாளை பட்டறை இல்லை.

செவந்தி வந்தாள். சடையன் ஓடிப்போய், "தங்கச்சி, உன் வண்டியை ஒடிச்சவன் நான். இதைச் சும்மா எடுத்துக்கோ!" என்றான்.

"சும்மா கொடுத்தா ஆலமரத்தைச் சுத்துறதுக்கா? வேண்டாம்ணே. எது நல்லா ஓடுதோ அதைக் காசு கொடுத்து வாங்கிக்கிறேன்!" என்றாள் செவந்தி.

முதலில் கயலன் வண்டியில் ஏறினாள். மேடு வரை போய் வந்தாள். "நல்லாருக்கு" என்றாள். அடுத்து சடையன் வண்டியில் ஏறினாள். மிதித்தாள். வண்டி புளியமரத்தைத் தாண்டி, மூங்கிலைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்தது.

நேரம் போனது. அவள் திரும்பி வரவில்லை. சந்தையே கழுத்தை நீட்டிப் பார்த்தது. "வண்டி எங்க போய் மாட்டிச்சோ!" என்று நரிகள் சிரித்தன. சடையன் கண்ணை மூடிக்கொண்டான்.

கொண்டையன் உயரப் பறந்து பார்த்துவிட்டுக் கத்தினான், "முதலாளி! வளையவே இல்ல! நேரா வீட்டுக்குப் போயிட்டா! குட்டிகளை ஏத்திட்டு வர்றா!"

கூச்சல் போடும் குட்டிகளோடு வண்டி சந்தைக்குள் வந்து நின்றது. செவந்தி இறங்கி, சோழிகளைச் சடையன் கையில் எண்ணி வைத்தாள்.

"பத்தொம்பது இருக்கு. உங்க வண்டி மேட்டுல ஏறுறப்போ இன்னும் லேசா முனகுது. அதைச் சரி பண்ணினா மிச்சம் ஒண்ணைத் தர்றேன்!"

"சரி பண்ணிடறேன்! நாளைக்கே சரி பண்ணிடறேன்!" என்று சடையன் கத்தினான். அவனுக்கு அழுகையும் வந்தது, ஆட்டமும் வந்தது. கொண்டையனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு சந்தை முழுக்கக் குதித்தான். கயலன்கூட வாலைத் தட்டிக்கொண்டு சிரித்தான். அதன்பின் அவன் தன் வண்டிகளை இன்னும் கொஞ்சம் மெருகேற்றினான் என்று கேள்வி.

எதிரி சரக்குக்கு வரி போட்டால் விலை மட்டும்தான் ஏறும். நம் சரக்கின் தரம் ஏற வேண்டுமானால் அதை நாம்தான் ஏற்ற வேண்டும்.